அக்கா கேட்ட லிஸ்ட்

ஓகஸ்ட் லீவுக்கு கனடாவில இருந்து அக்கா வாறா. ரெண்டு கிழமையா ஒரே மெசேஜ், என்னென்ன வேணும் எண்டு லிஸ்ட் போட்டு அனுப்பு, பிறகு கடைசி நேரத்தில என்ர உயிர எடுக்காத எண்டு. சரியெண்டு இருந்து எழுதினா வேணும் எண்டதை விட வேண்டாம் எண்டதுதான் நீளமா வருது.

முதல் வேண்டாம், ஹெயார் ட்ரையர். போன தரம் ஆசையா கொண்டு வந்து தந்தவ. நானும் எங்கட பிளக்குக்கு ஏத்த அடாப்டர் ஒண்டு வாங்கிச் சொருகி ஈரத்தலையோட கண்ணாடிக்கு முன்னால நிண்டன், அது விமானம் கிளம்புற மாதிரி ஒரு சத்தம் போட்டுது, உள்ள கம்பி செக்கச்செவேலெண்டு வந்துது, பிளாஸ்ரிக் கருகின மணம், அவ்வளவுதான் கதை முடிஞ்சுது. அங்க கரண்ட் 120 வோல்ட், இங்க இலங்கையில 230. அடாப்டர் பிளக் கட்டைய மாத்துமே தவிர வோல்ட்டை மாத்தாது. வோல்ட் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கெண்டா சூடு மூண்டரை மடங்குக்கும் மேல போகும். போன் சார்ஜரில 100-240 எண்டு போட்டிருக்கும், அது பிரச்சினையில்ல, சூடாக்குற சாமான்களிலதான் கட்டாயம் பாக்கோணும். அம்மா அந்த ட்ரையரை இன்னும் துணியில சுத்தி அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறா, பிள்ளை தந்ததாம்.

எயார் ஃப்ரையரும் வேண்டாம். அதுக்குள்ள நாலு துண்டு மீன் வைக்கலாம், எங்கட வீட்டில ஆறு பேர், சூடை மீன் பொரிச்சா ஆளுக்கு பத்தெண்டாலும் வேணும். 1500 வாட்ஸ் சாமானை அரை மணித்தியாலம் போட்டா முக்கால் யூனிட், அப்பிடி பல தரம் போடுறதுக்கு தாச்சியில பொரிச்சிட்டுப் போகலாம்.

பூச்சு சாமானுக்கு வருவம். வெள்ளையாக்குற கிரீம் ஒண்டும் கொண்டு வராதீங்க அக்கா, சும்மா தந்தாலும் வேண்டாம். எங்கட மச்சாள் ஒருத்தி லேபிளே இல்லாத டப்பா ஒண்ட வாங்கிப் பூசி, மூண்டு கிழமை பளபளவெண்டு இருந்தா, விட்டோடன முகம் முந்தி இருந்ததை விடக் கறுத்துப் போச்சு. இப்பிடியான சில கிரீமில பாதரசம் கலக்கிறாங்க, அது தோலோட நிக்காது, கிட்னியைப் பிடிக்கும்.

எனக்கு வேண்டியது சன் ஸ்கிரீன். நிலாவெளிக் கடற்கரை வெயிலில மத்தியானம் ஒரு மணித்தியாலம் நிண்டு பாருங்க விளங்கும். எஸ்பிஎஃப், அதான் வெயிலைத் தடுக்கிற அளவு, 50 எண்டதைப் பாத்து மயங்கத் தேவையில்ல, 30 போட்டாலே தோலைச் சுடுற யுவிபி கதிரில 97 வீதம் தடுக்கும், 50 போட்டா 98, வித்தியாசம் அவ்வளவுதான். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பிப் பூசுறதுதான் விஷயம். பவளப்பாறை இருக்கிற புறாத்தீவுக்கும் போற பிளான் இருக்கிறதால ஒக்சிபென்சோன் எண்ட கெமிக்கல் இல்லாததா, சிங்க் ஒக்சைட் போட்டதா பாத்து எடுங்க. பவளப்பாறைக்குக் கூடாதெண்டு ஒக்சிபென்சோன் போட்டதை ஹவாயில 2021இல இருந்து விக்க விடுறதில்ல.

மற்றது சார்ஜ் பண்ணுற சின்ன ஃபேன் ஒண்டு, கரண்ட் போற இரவுக்கு. நல்ல ஸ்டெயின்லஸ் ஸ்டீல் நகவெட்டி ரெண்டு, எங்கட டச்சு பே கடல் காத்துக்கு இங்க வாங்கினதெல்லாம் கறள் பிடிச்சு வாயே திறக்குதில்ல.

ஒண்டில மட்டும் மனசு தளம்புது, மோட்டர் வச்ச திருவலை. அம்மாக்கு இப்ப குந்தி இருந்து தேங்காய் திருவ ஏலாது, காலையில புட்டுக்கு நான்தான் திருவுறன். கடற்கரைப் பக்கம் வீடு இருக்கிற ஆரும் அதைப் பாவிக்கிறீங்களெண்டா எத்தின மாசம் கறள் பிடிக்காம ஓடினது எண்டு சொல்லுங்கோ, வெள்ளிக்கிழமைக்குள்ள அக்காக்கு லிஸ்ட் அனுப்போணும்.