‘செட்’டை முந்திய ‘ரன்’

ஆங்கிலத்தில் ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான் பொருள் அதிகம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பு வரை அது சரி, சுமார் 430 பொருள்கள். பிறகு திருத்தியபோது ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 வந்துவிட்டது! மூக்கு ஒழுகினாலும் ரன், துணியில் சாயம் போனாலும் ரன், கடை நடத்தினாலும் ரன். தேர்தலில் அமெரிக்கர்கள் ‘ஓடுகிறார்கள்’. பிரிட்டனில் நம்மைப் போலவே ‘நிற்கிறார்கள்’.

‘டேப் இஸ் ரன்னிங்’ (குழாயில் தண்ணீர் வருகிறது) என்பதை என் மகள் ‘குழாய் ஓடுகிறது’ என்று எழுதி மதிப்பெண் இழந்தாள். பாவம், குழந்தை. படம் நூறு நாள் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, மனதில் ஏதோ ஓடுகிறது என்றெல்லாம் நாமும் சொல்கிறோமே. அரை மதிப்பெண்ணாவது போட்டிருக்கலாம்.