கட்டுரையைப் படித்தால் போதாது, கணக்கைப் போட்டுப் பாருங்கள்

முதுகலையிலும் பிஎச்டி முதல் வருடத்திலும் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது என்று கேட்டால் நம் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: சுருக்கத்தைப் படி, முடிவுரையைப் படி, மேற்கோள் காட்டு. இப்படி ஐம்பது கட்டுரைகளை அடுக்கினால் முன்னாய்வுகள் அத்தியாயம் தயார். அந்த ஐம்பதில் ஏதாவது ஒன்றை எடுத்து, இதிலுள்ள எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மாணவர் திகைத்துப் போகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

தாமஸ் ஹெர்ன்டனிடம் கேட்டார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் அப்போது பொருளாதார ஆய்வு மாணவராக இருந்தவர் அவர். வெளியான ஒரு கட்டுரையை எடுத்து, அதே டேட்டாவை வைத்து அதே முடிவு வருகிறதா என்று செய்து காட்ட வேண்டும். வகுப்பில் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

அவர் எடுத்தது கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃப்பும் 2010இல் வெளியிட்ட கட்டுரை. இருவரும் பொருளாதார அறிஞர்கள்; ரோகாஃப் சர்வதேச நாணய நிதியத்தின் (ஐஎம்எஃப்) தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தவர். அரசுக் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும், சராசரி மைனஸ் 0.1 சதவீதம் என்றது கட்டுரை. அரசுகள் செலவைச் சுருக்கத் துடித்துக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பால் ரயனின் பட்ஜெட் திட்டம் முதல் ஐரோப்பிய ஆணையம் வரை இந்த ஆய்வைக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

ஹெர்ன்டன் போட்ட கணக்கில் அந்த எண் வரவில்லை. கட்டுரை ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். ரைன்ஹார்ட் எக்செல் கோப்பை அனுப்பிவைத்தார். திறந்து பார்த்தால், சராசரி எடுக்கும் ஃபார்முலா 49ஆம் வரிசை வரை போகாமல் 44இலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன.

எல்லோரும் பேசுவது இந்த எக்செல் தவறைப் பற்றித்தான். மாணவர்கள் உற்றுப் பார்க்க வேண்டியது இன்னொன்றை. கடன் 90 சதவீதத்துக்கு மேல் இருந்த ஆண்டுகள் என்று எடுத்தால், பிரிட்டனுக்கு 19 ஆண்டுகள், சராசரி வளர்ச்சி 2.4 சதவீதம். நியூசிலாந்துக்குக் கணக்கில் வந்தது 1951 என்ற ஒரே ஆண்டு, வளர்ச்சி மைனஸ் 7.6. நாட்டுக்கு ஒரு சராசரி என்று எடுத்ததால் அந்த 19 ஆண்டுகளுக்கும் இந்த ஓர் ஆண்டுக்கும் ஒரே எடை! நியூசிலாந்து நன்றாக வளர்ந்த சில ஆண்டுகளும் டேட்டாவில் சேர்க்கப்படவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து, ஒவ்வொரு ஆண்டுக்கும் சம எடை கொடுத்துப் போட்டால் சராசரி 2.2 சதவீதம் வருகிறது. 2013இல் தன் பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் இருவருடன் சேர்ந்து ஹெர்ன்டன் இதை வெளியிட்டார். எக்செல் தவறை ரைன்ஹார்ட்டும் ரோகாஃப்பும் ஒப்புக்கொண்டார்கள். எடை கொடுத்த முறை சரியே என்று வாதாடினார்கள். கடன் கூடும்போது வளர்ச்சி ஓரளவு குறைவாக இருப்பது ஹெர்ன்டன் கணக்கிலும் தெரிகிறது. ஆனால் 90இல் ஒரு பள்ளம் இருப்பதாகச் சொன்னது நிற்கவில்லை.

இதில் எதுவும் சுருக்கத்தில் தெரியாது, முடிவுரையிலும் தெரியாது. எந்த ஆண்டை எடுத்தார்கள், எதை விட்டார்கள், எதற்கு எவ்வளவு எடை என்பதெல்லாம் முறையியல் பகுதியிலும் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பிலும்தான் இருக்கும். சில சமயம் அங்கேயும் இருக்காது, டேட்டாவைத்தான் திறக்க வேண்டும். நாம் தாண்டிப் போகப் பழகிய இடங்களும் இவையே.

அதனால் என் கருத்து இது: முதல் பருவத்திலேயே ஒவ்வொரு மாணவரும் ஒரு கட்டுரையையாவது இப்படித் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் வேண்டும். பெரிய லேப் தேவையில்லை. தேசிய மாதிரி ஆய்வின் அலகு நிலை டேட்டாவும் (ஒவ்வொரு குடும்பத்தின் பதிலும் தனித்தனியாக இருப்பது) குடும்ப நல ஆய்வின் டேட்டாவும் பதிவு செய்தால் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகளும் நிறைய. முதல் அட்டவணையில் இருக்கும் சராசரிகள் வருகின்றனவா என்று பாருங்கள். அதுவே ஒரு வாரம் இழுக்கும். வரவில்லை என்றால் உடனே தவறு பிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் மாதிரி எடையை, அதாவது ஒவ்வொரு பதிவும் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எண்ணை, சேர்க்க விட்டிருப்பீர்கள், அல்லது அவர்கள் விலக்கிய வயதினரை நீங்கள் வைத்திருப்பீர்கள். அதையும் சரிபார்த்த பிறகும் இடித்தால் ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள்.

உங்கள் துறையில் இப்படி ஒரு பாடம் நடக்கிறதா? எந்தக் கட்டுரையை எடுத்தீர்கள், எங்கே இடித்தது என்று கீழே எழுதுங்கள்.