அந்தப் பையனைப் பேச விட்டிருக்கலாம்

பாளையங்கோட்டையில் சனிக்கிழமை நடந்த தொழில் வழிகாட்டி நிகழ்ச்சியின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பத்துப் பேர் அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் எழுந்து, "தீயணைப்புத் துறையில சேரணும் சார், அதுக்கு..." என்று ஆரம்பிக்கிறான். மைக் பிடித்தவர் முடிக்க விடவில்லை. "கிணத்துல விழுந்த மாட்டைத் தூக்கவா தம்பி இவ்வளவு படிக்கே?" அரங்கமே சிரிக்கிறது. பையன் உட்கார்ந்துவிட்டான்.

நான் மாடு தூக்கியிருக்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்த முதல் மூன்று வருடத்தில் நிறைய. கறவை மாடு ஒன்று போனால் அந்த வீட்டில் அன்று ராத்திரி சோறு இறங்காது. அதைக் கேலியாகச் சொல்ல எப்படி மனசு வருகிறது?

இது படிப்பு வேண்டிய வேலை. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது கிணறுதான். கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். தண்ணீர் கீழே போய்விட்டதால் டீசல் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டியிருக்கிறார்கள். அதை அணைக்க இறங்கியவர் மேலே வரவில்லை. பார்க்கப் போன தம்பியும் வரவில்லை. நான் பதற்றத்தில் கயிற்றைப் பிடித்துவிட்டேன். எங்கள் அதிகாரி காலரைப் பிடித்து இழுத்து, "மூச்சுக் கருவி மாட்டாம இறங்குனா மூணாவது ஆளு நீதாம்லே" என்றார். மோட்டார் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தம்பியை உயிரோடு எடுத்தோம். அண்ணனை முடியவில்லை.

பின்னால் வளைகுடாவில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் சேர்ந்தபோது, காலித் தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். வாயுவை அளக்கணும், உடம்பில் கயிறு கட்டணும், மேலே ஒருவர் காவல் நிற்கணும். கல்லிடைக்குறிச்சிப் பாடம்தான்.

நிலநடுக்கம் வந்த நாடுகளுக்குப் போகும் மீட்புக் குழுக்களுக்கு, ஐ.நா.வின் கீழ் 1991-இல் தொடங்கிய இன்சராக் அமைப்பு பொது விதிகள் வைத்திருக்கிறது. கனரகக் குழு என்று பெயர் வாங்க, ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் 10 நாள் இரவு பகலாக வேலை செய்ய முடிய வேண்டும். நேபாளத்துக்கு 2015-லும் துருக்கிக்கு 2023-லும் ஆள் அனுப்பிய சிங்கப்பூர்க் குழு, அந்த ஊர்த் தீயணைப்புக்காரர்கள்தான். இப்படிப் பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து செய்த ஒரு கூட்டுப் பயிற்சியில் நானும் நின்றிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று குட்டை விசில் கேட்டால் எல்லோரும் வெளியே ஓடணும். ஒரு நீண்ட விசில் கேட்டால் அத்தனை பேரும் அசையாமல் நிற்கணும், இடிபாட்டுக்குள் யாராவது தட்டுகிற சத்தம் கேட்கிறதா என்று. அந்த அமைதியில் ஒரு தடவை நின்றவர் இந்த வேலையைக் கேலி பேச மாட்டார்.

ஒரு ஜோக்குக்கு இவ்வளவு கோபமா என்பீர்கள். ஆமாம், இவ்வளவு கோபம்தான். ஆரம்பச் சம்பளம் பெரிதில்லையே என்றால், சரி, ஒத்துக்கொள்கிறேன். அதை மேடையில் சொல்லியிருக்கலாம். காவலர் தேர்வோடு சேர்த்தே தீயணைப்பாளர் தேர்வும் நடக்கிறது, நாக்பூர் தேசியக் கல்லூரியில் தீயணைப்புப் பொறியியலே படிக்கலாம் என்றும் சொல்லியிருக்கலாம். வழிகாட்டத்தானே கூப்பிட்டார்கள்?

"நீ வெளிநாட்டில் இருந்துகொண்டு பேசுகிறாய்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் வலித்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த இரண்டு நாளும், நான் போனைக் காதில் வைத்தபடி இங்கே கிடந்தேன். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து வீட்டிலிருந்து என் அம்மாவைத் தோளில் தூக்கி வந்தவன் என்னோடு பயிற்சி எடுத்தவன். "எய்யா, உன் வீடு என்னாச்சு?" என்று அம்மா கேட்டாளாம். அவன் வீட்டுக்குள்ளும் அப்போது தண்ணீர்.

அவனுக்குப் பெண் கேட்டுப் போனபோது, தீயணைப்பு என்றதும் மூன்று வீட்டில் வேண்டாம் என்றார்கள். என் அப்பாவும் ஊரில் "பையன் கவர்மெண்ட் வேலை" என்று மட்டும்தான் சொல்வார். எந்த வேலை என்று கடைசிவரை அவர் வாயால் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தப் பையனைத் தெரிந்தவர்கள் இருந்தால் அவனிடம் சொல்லுங்கள். அடுத்த மாதம் விடுப்பில் ஊருக்கு வருகிறேன். "அதுக்கு..." என்று ஆரம்பித்தானே, மீதியை என்னிடம் வந்து கேட்கட்டும்.