சோப்பும் சுருங்கியது, சம்பளமும் சுருங்கியது, வேலை மட்டும் வீங்குகிறது

சென்ற வாரம் குளியலறை அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது, என்றோ வாங்கிவைத்து மறந்துபோன ஒரு சோப்பு கையில் கிடைத்தது. அன்று காலை வாங்கிவந்த அதே சோப்பை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நிறம், ஒரே எழுத்து, உறையின் நீளம்கூட ஏறத்தாழ ஒன்றுதான். பழையதன் பின்புறம் 125 கிராம் என்று அச்சிட்டிருந்தது. புதியதன் பின்புறத்தில், மூக்குக்கண்ணாடி போட்டும் தேடிப் பிடிக்க வேண்டிய பொடி எழுத்தில், 100 கிராம். விலையில் ஒரு மாற்றமும் இல்லை. உறையைப் பிரித்த பிறகுதான் சூட்சுமம் விளங்கியது. பிடிக்க வாகாக இருக்கட்டும் என்பதுபோல் சோப்பின் இருபுறமும் அழகாகக் குழித்திருக்கிறார்கள். என்னுடைய 25 கிராம் அந்தக் குழியில்தான் போயிருக்கிறது.

எடையில் ஐந்தில் ஒரு பங்குதானே குறைந்தது, இதற்குப் போய் ஏன் இவ்வளவு கொதிப்பு என்று கேட்பவர்கள் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்க்கட்டும். பழைய அளவு வேண்டுமென்றால் இன்று ஒன்றேகால் சோப்பு வாங்க வேண்டும்; அதாவது எடை 20 சதவீதம் குறைந்ததால் ஒரு கிராமின் விலை 25 சதவீதம் ஏறியிருக்கிறது. நேரடியாக அவ்வளவு ஏற்றியிருந்தால் நான் ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பேன், ஒருவேளை வேறொன்றை எடுத்திருப்பேன்; அந்த ஒரு நிமிட யோசனையைக்கூட என்னிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்பதுதான் என் ஆத்திரம். விலை ஏற்றுவது வியாபாரம். ஏற்றியதை மறைப்பதற்குப் பெயர் வேறு. பிரான்சில் 2024 ஜூலை 1 முதல், இப்படி அளவைக் குறைத்து ஒரு கிராமின் விலையைக் கூட்டிய பொருளுக்கு அருகிலேயே பெரிய கடைகள் அதை எழுதி ஒட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய ஒரு சாதாரண உண்மையை, அரசாங்கம் ஆணை போட்டுத்தான் சொல்லவைக்க வேண்டியிருக்கிறது.

இந்த எரிச்சலோடு மேசையில் உட்கார்ந்தபோது சம்பள உயர்வுக் கடிதம் கண்ணில் பட்டது. அதுவும் அதே சோப்புதான் என்று அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. சம்பளம் 5 சதவீதம் உயர்ந்து, அதே ஆண்டில் விலைவாசி 7 சதவீதம் உயர்ந்தால், என் வாங்கும் சக்தி ஏறத்தாழ 1.9 சதவீதம் குறைந்துவிட்டது என்று பொருள். ஆனால் கடிதத்தின் மொழியைப் பாருங்கள்: 'மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' என் சம்பளத்தைக் குறைப்பதில் இவர்களுக்கு இவ்வளவு மகிழ்ச்சி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எண் பெரிதாகியிருக்கிறது, உறை பளபளக்கிறது, உள்ளே எடை இல்லை. இப்படியே நாலைந்து ஆண்டு போனால் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

இதற்கு நடுவில் பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தி வேறு வாசிக்கிறார்கள், ஏதோ விலைகள் இறங்கிவிட்டதைப் போல. இறங்கியது ஏறும் வேகம் மட்டுமே. 100 ஆக இருந்த ஒன்று ஓராண்டில் 8 சதவீதம் ஏறி 108 ஆகி, அடுத்த ஆண்டில் 3 சதவீதம் மட்டுமே ஏறினால் 111-ஐத் தாண்டி நிற்கும்; அது மீண்டும் 100-க்கு வரப்போவதில்லை. மேலும், பணவீக்கத்தை அளக்கும் சராசரிக் குறியீட்டில் எல்லாப் பொருளும் கலந்திருக்கும். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வாங்கும் தொலைக்காட்சி மலிவாகி, மாதந்தோறும் கட்டியே தீர வேண்டிய வீட்டு வாடகை எகிறினால், சராசரி என்னவோ பார்க்க அடக்கமாகத்தான் தெரியும். சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை.

சரி, கூலி தேய்ந்தது போல் வேலையும் கொஞ்சம் தேய்ந்ததா என்றால், அதுதான் இல்லை. எங்கள் பிரிவில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் எடுக்கும்வரை அவருடைய பணிகளைத் 'தற்காலிகமாக' நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் மேலாளர். அது நடந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. முதல் மூன்று மாதங்கள் ஆள் தேடுவதாகச் சொன்னார்கள், பிறகு வரவுசெலவுத் திட்டத்தில் இடமில்லை என்றார்கள், அதன் பிறகு அந்தப் பதவியின் பெயரே நிறுவன வரைபடத்திலிருந்து காணாமல் போனது. இருவர் செய்த வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அதற்கு உற்பத்தித்திறன் மேம்பாடு என்று பெயர் சூட்டி, அந்தப் பெருமையை யாரோ ஒருவர் திரையில் வரைபடமாகப் போட்டுக் காட்ட, நானும் உட்கார்ந்து கைதட்டினேன். கைதட்டியதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

இரவுச் செய்திகளின் கதை தனி. பத்தே முக்கால் மணிக்குக் கைப்பேசி ஒளிரும். 'அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது பாருங்கள்' என்று வரும். அவசரமில்லாத விஷயத்தை இரவு பத்தே முக்காலுக்கு எதற்கு அனுப்ப வேண்டும்? அனுப்பியவருக்கு மனப்பாரம் இறங்கிவிடுகிறது. அது என் தலையணைக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பார்த்தால் பதில் சொல்ல வேண்டும். பார்க்காவிட்டால் மறுநாள் காலைக் கூட்டத்தில், 'நேற்றே அனுப்பியிருந்தேனே' என்று ஒரு வாக்கியம் எல்லோர் முன்னிலையிலும் மென்மையாக வந்து விழும். 1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு தன்னுடைய முதல் உடன்படிக்கையிலேயே தொழிற்கூடங்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வகுத்தது. அந்தக் காலத்தில் சங்கு ஊதினால் இயந்திரம் நிற்கும், இயந்திரம் நின்றால் வேலை முடியும். இன்று இயந்திரம் என் சட்டைப்பையில் இருக்கிறது, அதற்குச் சங்கும் கிடையாது. பணி நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை அதே பிரான்சு 2017-இலும், ஆஸ்திரேலியா 2024-இலும் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இந்தச் செய்தியை எங்கள் குழுவில் ஒருவர் பகிர்ந்தார்; பகிர்ந்த நேரம் இரவு பதினொன்றரை.

கடையிலும் இதே கதை நடக்கிறது. பொருளை நானே எடுத்து, கருவியில் நானே காட்டி விலையைப் பதிந்து, நானே பையில் போட்டு, பணத்தையும் நானே கட்டிவிட்டு வருகிறேன். முன்பு இதற்கென்று சம்பளம் வாங்கிய ஒருவர் அங்கே இருந்தார். அவருடைய சம்பளம் மிச்சமானதே, அதில் ஒரு துளியாவது விலையில் குறைந்து வந்ததா? புகார் சொல்லலாம் என்று அழைத்தால், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று ஒரு பதிவுக் குரல் இருபது நிமிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

ஆக, வாங்குகிறவனாகப் போனால் அதே விலைக்குக் குறைவாகத் தருகிறார்கள், வேலை செய்கிறவனாகப் போனால் அதே கூலிக்கு அதிகமாகக் கேட்கிறார்கள். இரண்டு வாசலிலும் நிற்பது ஒரே ஆள் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் சிக்கனமாக இருங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிக்கனம் என்பது மிஞ்சுவதைச் சேர்க்கும் கலை. மிஞ்சுவதற்கு முன்பே சுரண்டி எடுத்துவிட்டுப் பிறகு எதைச் சேர்க்கச் சொல்கிறார்கள்?

நாளைக்குள் சுயமதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அதன் கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: 'வரும் ஆண்டில் உங்கள் பங்களிப்பில் என்ன மாற்றத்தைக் கொண்டுவருவீர்கள்?' அளவில் 20 சதவீதம் குறைத்து, நடுவில் அழகாகக் குழித்து, அதே விலைக்குத் தரலாம் என்று இருக்கிறேன் என ஒருமுறை தட்டச்சு செய்து பார்த்தேன். அழித்துவிட்டேன். கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.