கலங்கல் குறையன்று
பியரைச் சுவைத்து மதிப்பிடுவது பற்றிய கட்டுரையில், கலங்கிய பேல் ஏல் என்னும் வெளிர்நிற பியருக்குத் தெளிவின்மைக்காக மதிப்பெண் குறைக்க வேண்டும் என்று கட்டுரையாளர் கூறுவதை ஏற்க இயலவில்லை. ஓட்ஸ், கோதுமை ஆகியவற்றின் புரதமும், நொதித்தலின்போது தாராளமாகச் சேர்க்கப்படும் ஹாப்ஸ் எனப்படும், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூக்களின் பாலிஃபீனால் என்னும் தாவரச் சேர்மமும் பிணைந்து உருவாகும் இந்தக் கலங்கல் இவ்வகையின் இயல்பே ஆகும். உண்மையில் கவனிக்க வேண்டியது நிறத்தின் பொலிவைத்தான்: இளமஞ்சள் மங்கிச் சாம்பல் படிந்த பழுப்பாக மாறியிருந்தால் ஆக்சிஜன் புகுந்துவிட்டது என்று பொருள், அப்போது மாம்பழத்தையும் ஆரஞ்சுத் தோலையும் நினைவூட்டும் மணம் அடங்கி, நனைந்த அட்டையின் வாடை எழக்கூடும். உறைகுளிரில் பருகினால் இவை எதுவும் சரியாகப் புலப்படாது என்பதால், 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை வெப்பநிலை உயரவிட்டு, முதலில் முகர்ந்து, பின்னர் சிறு மிடறாக நாவில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கசப்பு மென்மையாக விலகாமல் தொண்டையில் காரமாக உறுத்தினால், பெரும்பாலும் ஹாப்ஸ் துகள்கள் முழுமையாகப் படியவில்லை என்பதே காரணம். மதிப்பெண் குறைய வேண்டியது இத்தகைய குறைகளுக்குத்தான், கலங்கலுக்கு அல்ல.