அத்தை மேல் எந்தத் தப்பும் இல்லை

திருமங்கலத்தில் இருக்கும் என் அத்தையின் வங்கிக் கணக்கிலிருந்து 7 மாதமாக, மாதம் 499 ரூபாய் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மொத்தம் 3,493 ரூபாய். சிலிண்டர் போட வந்த பையனுக்குப் போனில் பணம் அனுப்பப் போனவருக்கு, கணக்கில் பணம் போதவில்லை என்று வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

ராசிபலன் சொல்லும் ஒரு செயலி. 7 நாள் இலவசம் என்று போட்டு, சரிபார்ப்புக்காக 1 ரூபாய் மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ரூபாய்தானே என்று அத்தையும் பின் நம்பரைப் போட்டுவிட்டார். அதிலேயே, மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் ஆட்டோபேவுக்கும் சம்மதம் வாங்கியாகிவிட்டது.

அந்தத் திரையை என் போனில் திறந்து பார்த்தேன். திரையின் பாதி அகலத்துக்குப் பச்சையில் 'தொடர்க' பொத்தான். அதற்கு அடியில் வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: இலவச நாட்கள் முடிந்ததும் மாதம் 499 ரூபாய். குருப்பெயர்ச்சி பலனையும் பரிகாரத்தையும் அவ்வளவு அழகான தமிழில் சொல்லத் தெரிந்தவர்கள், காசு எடுக்கப்போவதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். ரத்து செய்ய எங்கே போவது என்று தேடினேன். செட்டிங்ஸ், அதற்குள் கணக்கு, அதற்குள் உதவி. அங்கே போனால் 'மின்னஞ்சல் அனுப்பவும்'. அத்தைக்கு மின்னஞ்சல் அனுப்பத் தெரியாது.

வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "பாத்து அமுக்கியிருக்க வேண்டாமா?" மாமாவும் அதைத்தான் சொன்னார். அத்தை ரெண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். அத்தை பார்க்கக் கூடாது என்றே வடிவமைத்த திரை அது. அப்புறம் எப்படிப் பார்த்து அமுக்குவது?

நான் மட்டும் சொல்லவில்லை, அரசின் விதியும் இதையேதான் சொல்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் இந்த மாதிரி வலைகளைத் தடைசெய்து வழிகாட்டுதல் கொண்டுவந்தது. 13 வகைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று சந்தா வலை. இலவசச் சேவைக்குத் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைக் கட்டாயப்படுத்தி வாங்குவது, ரத்து செய்யும் வழியை ஒளித்துவைப்பது எல்லாமே அதில் வருகிறது. அத்தைக்கு நடந்ததை அப்படியே எழுதிவைத்த மாதிரி இருந்தது.

ஆனால் விதி இருந்தும் ஓட்டை இருக்கிறது. இப்படிப்பட்ட மாதச் சந்தாவுக்கு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் நம்பர் கேட்க வேண்டியதில்லை. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் அனுப்பினால் போதும் என்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. தகவல் வந்திருக்கிறது. அத்தையின் போனில் 7 குறுஞ்செய்திகளும், நகைக்கடை விளம்பரத்துக்கும் ரீசார்ஜ் செய்திக்கும் நடுவில், ஆங்கிலத்தில், திறக்கப்படாமல் கிடந்தன. காகிதத்தில் சட்டம் நிறைவேறிவிட்டது. அத்தைக்கு அதனால் என்ன பிரயோஜனம்? செயலியை எந்த மொழியில் விற்கிறார்களோ, பணம் எடுக்கும் தகவலும் அதே மொழியில்தான் வர வேண்டும் என்று கட்டாயமாக்க வேண்டும். நான் கேட்பது முதலில் இதைத்தான்.

இன்னொன்று. 2025 ஜூனில் அதே ஆணையம், இணைய வணிகத் தளங்கள் 3 மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்து இந்த வலைகளை நீக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. வலை விரித்தவரே எண்ணிச் சொல்லட்டும் என்பது போதாது. வெளியாள் ஒருவர் பார்க்க வேண்டும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? முதலில் பணம் அனுப்பும் செயலியில் ஆட்டோபே பக்கத்துக்குப் போய் அனுமதியை ரத்து செய்தோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனிலும் இன்றைக்கே அந்தப் பக்கத்தைப் பாருங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினோம், தமிழிலேயே பேசலாம். புகார் போன பிறகு, 2 மாதப் பணம் மட்டும் திரும்பி வந்தது. மீதிக்கு 'எங்கள் கொள்கைப்படி இயலாது' என்று பதில்.

"விடுப்பா, மூவாயிரத்துக்குப் போயி கோர்ட்டுக்கு அலையணுமா?" என்றார் அத்தை. அலைய வேண்டாம் என்பதை அவருக்குப் புரியவைக்கத்தான் நேரம் பிடித்தது. பழைய 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ பிரச்சினை நடந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். மனுவை இணையத்திலேயே தாக்கல் செய்யலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதினோம். பச்சைப் பொத்தான் திரை, சாம்பல் வரி, 7 குறுஞ்செய்திகள், வங்கிக் கணக்குப் பட்டியல் எல்லாவற்றையும் அச்செடுத்து வரிசையாக அடுக்கியிருக்கிறோம். எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். 'கவனக்குறைவாக அழுத்திவிட்டேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.