மில்க் படமும் அந்த "முதல் ஆள்" கதையும்

ஹார்வி மில்க் என்ற அமெரிக்க அரசியல்வாதியின் வாழ்க்கையைச் சொல்லும் 'மில்க்' படத்தைப் பற்றி இங்கே ஒருவர், "ஹார்வி மில்க்தான் அமெரிக்காவில் தேர்தலில் ஜெயித்த முதல் வெளிப்படையான ஓரினச்சேர்க்கையாளர், கலிஃபோர்னியா மாநில செனட்டர் பிரிக்ஸ் கொண்டுவந்த தீர்மானத்தைத் தனி ஆளாகத் தோற்கடித்தார், படத்திலேயே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை. மில்க் சான் பிரான்சிஸ்கோ நகர சபைத் தேர்தலில் ஜெயித்தது 1977-இல். அதற்கு முன்பே, 1974-இல், மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகர சபைக்கு கேத்தி கோசசென்கோவும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு எலைன் நோபலும் வந்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் முதல் ஆள் என்றால் சரி.

ஓரினச்சேர்க்கையாளர்களை ஆசிரியர் வேலையிலிருந்து நீக்க வழிசெய்வதற்காக பிரிக்ஸ் கொண்டுவந்து, 1978-இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்கெடுப்புக்குப் போன ஆறாம் தீர்மானத்தை எதிர்த்து டிவி விவாதத்தில் மில்க்கோடு உட்கார்ந்து பிரிக்ஸை மடக்கியவர் பேராசிரியர் சாலி கியர்ஹார்ட். அந்தம்மாவைப் படம் அப்படியே விழுங்கிவிட்டது, அதனால்தான் பார்ப்பவர்களுக்கு ஒற்றை ஆள் போராட்டமாகத் தெரிகிறது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான, பழமைவாதியான ரீகன்கூட அந்தத் தீர்மானத்தை எதிர்த்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்காகப் படம் மோசம் என்று சொல்லவில்லை. 'நான் கொல்லப்பட்டால் கேளுங்கள்' என்று மில்க் நிஜமாகவே பதிவு செய்து வைத்த ஒலிநாடாவையே கதையின் முதுகெலும்பாக்கி, மில்க்காக நடித்த ஷான் பென்னைத் தனியாக மேஜை முன் உட்கார்ந்து மைக்கில் பேசவைத்தது அருமையான யோசனை, அவருக்கு ஆஸ்கர் கிடைத்ததில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனால் மில்க்கைச் சுட்டுக் கொன்ற டான் வைட்டும் 'நம்மில் ஒருவனோ', அதாவது அவனும் ஓரினச்சேர்க்கையாளனோ, என்று மில்க் வாயாலேயே சொல்லவைத்தது வெறும் ஊகம், அதையும் வரலாறு என்று இங்கே பரப்பாதீர்கள்.